முள் எப்போது ஏறியது?

கடம்பத்தூரை ஒட்டிய அதிகத்தூரில் இருக்கும் கார் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் இன்னும் எச்.எம். என்றுதான் பெயர். வாசலில் எந்தப் பலகை தொங்கினாலும் அதைப் பற்றி ஊர் கவலைப்படுவதில்லை. 1970களின் தொடக்கத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர்ப் பக்கம் வந்தபோது இங்கே கார் செய்யவில்லை; மண்வாரி இயந்திரங்களும் சுரங்கத்துக்குப் போகும் பெரிய டம்பர்களும் செய்தார்கள். ஜப்பானின் மிட்சுபிஷியோடு சேர்ந்து லான்சர் கார் செய்ய ஆரம்பித்தது 1998-இல். 2000களின் தொடக்கத்தில் மண்வாரிப் பிரிவு கேட்டர்பில்லர் கைக்குப் போய்விட்டது. கார்ப் பக்கத்தில் அடுத்தடுத்து பஜேரோ, செடியா, கொஞ்ச காலம் இசுசு, இப்போது சிட்ரோயன்.

நான் அந்த கேட்டுக்குள் ஒருநாளும் வேலை பார்த்ததில்லை. வெளியே பட்டறை வைத்திருந்தவன். உள்ளே பளபளவென்று செய்து அனுப்பிய வண்டிகள் பத்துப் பதினைந்து வருஷம் கழித்து, மூன்றாம் கை நான்காம் கை மாறி, புகைந்துகொண்டு என்னிடம் வரும். வருகிற புகார்களில் மெக்கானிக்கின் மானத்தை வாங்குவது ஒன்று உண்டு: “சில நேரம் ஹீட் ஆகுது சார், சில நேரம் ஆகுறதில்ல.” எப்போதும் கொதிக்கும் வண்டியைச் சரிசெய்வது சுலபம். சில நேரம் மட்டும் கொதிக்கும் வண்டி, பட்டறைக்குள் வந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும். நாள் முழுக்க ஓடவிட்டாலும் முள் பாதியைத் தாண்டாது. வண்டிக்காரர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். வீட்டுக்குப் போகிற வழியில் கொதித்துவிடும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி திருவள்ளூரில் பட்டறை வைத்திருந்தார். நான் போய்ச் சேர்ந்தது எண்பதுகளில். வண்டி வந்து நின்றதும் மற்றவர்கள் பானெட்டைத் திறப்பார்கள். அவர் திறக்க மாட்டார். டிரைவரை உட்காரவைத்து, டீ வாங்கிவரச் சொல்லி, கேட்க ஆரம்பிப்பார். “முள்ளு எப்ப ஏறுச்சு? நிக்கும்போதா, ஓடும்போதா? காலையிலயா, மத்தியானமா? ஏத்தத்துலயா, எறக்கத்துலயா? ஆஃப் பண்ணி மறுபடி போட்டப்பவா?” டிரைவருக்கு எரிச்சல் வரும். கேட்டு முடித்தபின் அவர் எழுந்துபோய் ஒரே ஒரு இடத்தில் கை வைப்பார். பெரும்பாலும் அங்கேதான் பிரச்சினை இருக்கும்.

இந்தப் பழக்கம் அவருக்கு அப்பாவிடமிருந்து வந்தது. அவருடைய அப்பா அரக்கோணத்தில் ஆவி இன்ஜின்களோடு வேலை பார்த்தவர். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது, எங்கள் ஊர் வழியாக. நீராவி இன்ஜினுக்குக் கரியைவிடத் தண்ணீர்தான் தலைவலி. உப்புத் தண்ணீர் ஊற்றினால் பாய்லர்க் குழாய்களில் வெள்ளையாகப் பொரை கட்டும். பொரை கட்டிய குழாயில் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது, இரும்பு பழுக்கும். எந்த ஸ்டேஷன் தண்ணீர் பாய்லருக்கு ஆகும், எது ஆகாது என்று இன்ஜின் ஆட்களுக்கு மனப்பாடம். மேஸ்திரி அந்தக் கணக்கை காருக்குக் கொண்டுவந்தார்.

எங்கள் ஜில்லாவில் தண்ணீர் ஒரே மாதிரி இல்லை. கூவம் ஆற்றின் பெயரைச் சுமக்கும் கூவம் கிராமம் எங்கள் கடம்பத்தூர் ஒன்றியத்தில்தான் இருக்கிறது. சென்னைக்காரர்கள் நம்ப மாட்டார்கள், இங்கே ஆற்றோரக் கிணறுகளில் எடுத்த தண்ணீர் வாயில் ஊற்றிக் குடிக்கிற மாதிரி இருக்கும். அதே ஜில்லாவில் கிழக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி, கடல்நீர் மண்ணுக்கடியில் உள்ளே வந்துவிட்டது. கும்மிடிப்பூண்டி சிப்காட், பொன்னேரி, மீஞ்சூர் ஓட்டமாக ஓடும் வாடகை வண்டிகளின் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்விளிம்பில் வெள்ளைப் பொருக்கு பார்க்கலாம். மேஸ்திரி அதை நகத்தால் சுரண்டி, “எந்த ஊர்ல ஊத்துன?” என்று கேட்பார். டிரைவர் பொய் சொன்னாலும் பொருக்கு சொல்லிவிடும்.

அந்தக் காலத்து அம்பாசடருக்கு வருகிறேன். 1957-இல் கொல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தரபாராவில் பிறந்தது. இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டின் உடம்பு, நாங்கள் அதிகம் பார்த்த வண்டிகளில் 1489 சிசி இன்ஜின். பிளாக்கும் இரும்பு, ஹெட்டும் இரும்பு. வாட்டர் பம்ப் தண்டிலேயே தகர ஃபேன் மாட்டியிருக்கும். பெல்ட் ஓடினால் இரண்டும் ஓடும். ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். தண்ணீர் குறைந்தால் ஊற்று, ஒழுகினால் ஈயம் வை, அவ்வளவுதான். பாதி வண்டிகளில் முள் வேலை செய்யாது. டிரைவரின் மூக்குதான் மீட்டர்.

அம்பாசடர் எப்போது கொதிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் அதைச் சுற்றி ஒரு சடங்கே வளர்ந்திருந்தது. முன் பம்பரில் தண்ணீர் ஊறிக் கசியும் கித்தான் பை தொங்கும். திருவள்ளூர் டாக்சிகளுக்குத் திருப்பதி ஓட்டம்தான் வருமானம். 1944-இல் திறந்த திருமலை மலைப்பாதையில் ஏறிய வண்டிகளில் பாதி நடுவழியில் பானெட்டைத் திறந்து வைத்திருக்கும். தேர்ந்த டிரைவர் இன்ஜினை உடனே நிறுத்த மாட்டார். காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி மெதுவாக ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு வெளியே தண்ணீரை வீசுவார். பழுக்கக் காய்ந்த இன்ஜினுக்குள் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் விடும் என்று அவருக்கு யாரும் புத்தகத்தில் சொல்லித்தரவில்லை. மூடியைத் திறக்க ஈரச் சாக்கு. கால் சுற்று திருப்பி, ஆவி அடங்கும்வரை பொறுத்து, பிறகு மீதி. பொறுக்காமல் திறந்ததன் தடம் மேஸ்திரியின் வலது முன்கையில் தோல் வெளுத்து, முழங்கை வரை இருந்தது.

ஒழுகலுக்கு மஞ்சள்தூள். ஒரு கைப்பிடி மஞ்சள்தூளை ரேடியேட்டரில் போட்டால் சிறு ஓட்டைகளில் போய் அடைத்துக்கொள்ளும், வீடு போய்ச் சேரலாம். உண்மைதான். ஓட்டையை மட்டும் அடைக்கும் அறிவு மஞ்சளுக்குக் கிடையாது என்பதும் உண்மை. மூன்று வருஷம் கழித்து அந்த வண்டி ‘சில நேரம் ஹீட்’ என்று வரும். கழற்றிப் பார்த்தால் குழாய்களின் அடிப்பகுதியில் மஞ்சள் சேறு. பெண்கள் மஞ்சள் பூசிக் குளித்த துறை மாதிரி இருக்கும் என்பார் எங்கள் ரேடியேட்டர்காரர்.

அந்த ரேடியேட்டர்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தத் தொழில் ஏறக்குறைய போய்விட்டது. மேல்தொட்டியை ஊதுவிளக்கு வைத்து ஈயம் உருக்கிக் கழற்றுவார். வெளிச்சத்தில் பிடித்து எத்தனை குழாய் அடைத்திருக்கிறது என்று பார்ப்பார். தட்டைக் கம்பி ஒன்றை ஒவ்வொரு குழாயிலும் விட்டுக் குத்திப் பொரையை எடுப்பார். மறுபடி ஈயம் வைத்துத் தொட்டியைப் பூட்டி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, காற்றடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். ஒரு ரேடியேட்டர் அவர் கையில் இருபது வருஷம் பிழைத்திருக்கும்.

அவர் குத்திக்கொண்டிருந்த அந்தக் குழாய்க் கூட்டின் மூதாதை ஜெர்மனியில் பிறந்தது. 1900-இன் கடைசியில் வில்ஹெல்ம் மேபாக் 35 குதிரைத் திறன் மெர்சிடிஸ் காருக்கு 8,070 சிறு குழாய்களைச் சேர்த்துப் பற்றவைத்துத் தேனடை போல ஒரு ரேடியேட்டர் செய்தார். அதற்கு முன்னால் வண்டி ஓட்டுவதென்றால் தொட்டி தொட்டியாகத் தண்ணீரைச் சுமக்க வேண்டும். கொதித்து ஆவியாகப் போனதை வழியில் நிரப்பிக்கொண்டே போக வேண்டும். மேபாக்கின் காருக்கு 9 லிட்டர் போதும் என்றாயிற்று. ஃபோர்டு தன் ‘டி’ மாடலில் வாட்டர் பம்பையே விட்டுவிட்டார்: சூடான தண்ணீர் மேலே ஏறும், ஆறியது கீழே இறங்கும், அந்த ஓட்டமே போதும் என்று. குழாய் கொஞ்சம் அடைத்தாலோ, தண்ணீர் மேல்குழாய் மட்டத்துக்குக் கீழே இறங்கினாலோ அந்த ஓட்டம் நின்றுவிடும். இப்படி ஒவ்வொரு காலத்துக் காருக்கும் கொதிக்கும் நேரம் ஒன்று இருந்திருக்கிறது.

பிறகு வந்தவை இரண்டு சாமான்கள். எங்கள் தொழிலில் முக்கால்வாசி குழப்பத்துக்கு அவைதான் காரணம்: அழுத்த மூடியும் தெர்மோஸ்டாட்டும்.

மூடி என்று அலட்சியமாகச் சொல்கிறோம். அதற்குள் ஸ்பிரிங் வைத்த இரண்டு வால்வுகள். ஒன்று உள்ளே அழுத்தம் ஏறவிட்டுப் பிடித்துக்கொள்ளும். மற்றது ஆறும்போது வெளி டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். அழுத்தத்தில் ஒவ்வொரு பவுண்டுக்கும் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறுகிறது. 15 பவுண்டு பிடிக்கும் மூடி போட்டால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 வரை அமைதியாக இருக்கும். ரப்பர் வளையம் காய்ந்து வெடித்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அந்த வண்டி காலையில் நன்றாக ஓடும், கூட்ட நெரிசலில் கொதிக்கும், ஆறியதும் மறுபடி நன்றாக ஓடும். ஹெட்டைக் கழற்றி, கேஸ்கெட் மாற்றி, ஆயிரக்கணக்கில் செலவு செய்துவிட்டு, கடைசியில் மூடியை மாற்றியதும் சரியான வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். விலை குறைந்த சாமானை யாரும் சந்தேகப்படுவதில்லை. மெக்கானிக்குக்கும் அதில் வருமானம் இல்லை.

தெர்மோஸ்டாட் கதை வேறு. இன்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வாசலில் நிறுத்திவைக்கும் கதவு அது. முதலில் பித்தளை மடிப்புக்குள் எளிதில் ஆவியாகும் திரவம் வைத்துச் செய்தார்கள். குளிரூட்டும் தண்ணீருக்கு அழுத்தம் ஏற்றியதும் அது குழம்பியது. 1930களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே என்பவர் மெழுகு வைத்துச் செய்தார். மெழுகு உருகும்போது விரிந்து கதவைத் தள்ளும்; 82 டிகிரி வாக்கில் திறக்கும். இன்று ஓடும் கார்களில் பெரும்பாலும் அதே மெழுகுதான்.

குளிர் நாட்டுக்காரன் வைத்த கதவு நமக்கு எதற்கு என்று தமிழ்நாட்டுப் பட்டறைகள் ஒரு முடிவுக்கு வந்தன. வண்டி கொதித்தால் முதல் வேலை தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. புது அம்பாசடர் வாங்கியதும் பிடுங்கியவர்கள் உண்டு. இதற்கு அம்பாசடர் ஒன்றும் சொல்லவில்லை. இரும்பு இன்ஜின், கார்பரேட்டர், கொஞ்சம் பெட்ரோல் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். அந்த மன்னிப்பை எங்கள் ஆட்கள் விதி என்று எடுத்துக்கொண்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் மேஸ்திரி ஊரோடு ஒத்துப்போகவில்லை. பிடுங்குவதற்குமுன் அதை டீக்கடைப் பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிடுவார். தண்ணீர் கொதி வருவதற்கு முன்னால் கதவு திறந்தால் நல்லது, திரும்ப மாட்டு. திறக்காவிட்டால் வேறு வாங்கு. டீக்கடைக்காரர் அந்தப் பாத்திரத்தில் மறுபடி டீ போட்டாரா என்று நான் கேட்டதில்லை.

‘ஹீட்’ என்ற ஒரே சொல்லில் வேறு நோய்களும் ஒளிந்துகொள்ளும். மே மாதத்தில் ரயில்வே கேட்டில் நின்று, கேட் திறந்ததும் ஸ்டார்ட் ஆகாத அம்பாசடரைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், “ஹீட் ஆயிடுச்சு” என்று. ரேடியேட்டரில் தண்ணீர் சாதாரணமாக இருக்கும். கொதித்தது பெட்ரோல். இன்ஜின் பக்கவாட்டில் இருக்கும் பெட்ரோல் பம்புக்குள் ஆவி அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியைச் சுற்றி ஐந்து நிமிஷம் வைத்தால் கிளம்பிவிடும். இன்னொன்று, டிஸ்டிரிப்யூட்டர் பாயிண்ட் தேய்ந்து இடைவெளி குறையும்போது தீப்பொறி தாமதமாகும். தாமதமானால் இன்ஜின் சூடேறும், இழுக்காது. ஏற்றத்தில் மட்டும் கொதிக்கிறது, வண்டி சோம்பலாக இருக்கிறது என்று டிரைவர் சொன்னால் மேஸ்திரி ரேடியேட்டர் பக்கமே போக மாட்டார்.

சாலையும் கொதிக்கும் நேரத்தை மாற்றியது. 2000களில் தங்க நாற்கரச் சாலை வந்து, ஸ்ரீபெரும்புதூர் வழியாக பெங்களூர் ரோடு அகலமானது. அதுவரை அறுபதைத் தாண்டாத வண்டிகள் தொண்ணூறு, நூறு என்று பறந்தன. ஊருக்குள் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய வண்டி நெடுஞ்சாலையில் அரை மணி ஓடியதும் கொதித்தது. வேகம் குறைத்தால் இறங்கியது. மெக்கானிக்குகள் திகைத்தார்கள். ஓடும்போது காற்று நன்றாகத்தானே அடிக்கிறது? எனக்கு முதலில் இதன் பிடி கிடைத்தது ஒரு பழைய டாக்சியில். ரேடியேட்டரின் கீழ் ஹோஸுக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும், உறிஞ்சும்போது ரப்பர் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. வருஷக்கணக்காக வெறும் தண்ணீர் ஊற்றியதில் சுருள் துருப்பிடித்துக் கரைந்துவிட்டது. இன்ஜின் வேகமாகச் சுற்றும்போது பம்ப் இழுக்கிற இழுப்பில் ஹோஸ் சப்பையாகி வழி மூடிக்கொள்கிறது. நின்றால் ஊதி நல்ல ஹோஸாகிவிடுகிறது. பட்டறையில் நிறுத்தி எத்தனை மணி நேரம் பார்த்தாலும் தெரியாது. பானெட்டைத் திறந்து, ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லி, ஹோஸையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மொத்தத்தில் கணக்கு இதுதான். நிற்கும்போது கொதித்து ஓடும்போது ஆறினால் குறை காற்றில்: ஃபேன், பெல்ட், ரேடியேட்டர் முன்னால் அடைத்த பூச்சியும் நெல் தூசியும். திருவள்ளூர் வீரராகவர் கோயில் அமாவாசைக் கூட்டத்தில் மாட்டிக்கொண்ட வண்டிகள் மறுநாள் காலை பட்டறை வாசலில் நிற்பது இதனால்தான். ஓடும்போது கொதித்து நின்றால் ஆறினால் குறை தண்ணீரில்: அடைத்த குழாய், சப்பையாகும் ஹோஸ், துடுப்பு அரித்துப்போன பம்ப். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சட்டென்று ஏறி, சட்டென்று இறங்கினால் தெர்மோஸ்டாட் சிக்குகிறது, அல்லது உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. ஒழுகலே இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வாயில் குமிழி விடாமல் வந்தால், ஹெட் கேஸ்கெட். அப்போது பேச்சை நிறுத்திவிட்டு ஸ்பேனரை எடுக்கலாம்.

இந்தக் கணக்கைக் கலைத்தது எங்கள் ஊர் லான்சர்தான். பெட்ரோல் லான்சரின் 1.5 லிட்டர் இன்ஜினில் பிளாக் இரும்பு, ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அம்பாசடர் ஒரு மணி நேரம் கொதித்து ஊர் போய்ச் சேரும். லான்சரை முள் சிவப்பில் இருக்க ஐந்து கிலோமீட்டர் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். ரேடியேட்டர் அலுமினியக் கூடு, பிளாஸ்டிக் தொட்டி, ஈயம் ஒட்டாது. எங்கள் ரேடியேட்டர்காரர் முதல் தடவை அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, தட்டி, திருப்பிக் கொடுத்துவிட்டார். ஃபேன் பெல்ட்டில் ஓடாது, மின்சாரத்தில் ஓடும். அதுவும் எப்போதும் ஓடாது, தேவைப்படும்போது மட்டும். ரேடியேட்டருக்கு ஒன்று, ஏ.சி. கண்டென்சருக்கு ஒன்று.

அம்பாசடர் பழக்கத்தில் வந்தவர்கள் லான்சரிலும் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கினார்கள். இன்ஜின் ஆறியே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் போகும், பிளக் கரியும். ஃபேனை ‘டைரக்ட்’ செய்வது அடுத்த வைத்தியம்: ரிலேயையும் சுவிட்சையும் தாண்டி ஒரு வயரை இழுத்து, சாவி போட்டதும் ஃபேன் ஓடுகிற மாதிரி. கொதிப்பு நிற்கும். நோய் எங்கே என்று கடைசிவரை தெரியாது, ஃபேன் மோட்டார் இரண்டு வருஷத்தில் தேய்ந்து எரியும். எங்கள் ஜில்லாவிலேயே செய்த காருக்கு எங்கள் ஜில்லாப் பட்டறைகள் செய்த அநியாயம் இது. தொழிற்சாலை மதிலுக்கு உள்ளே இருந்த அறிவு வெளியே வரவில்லை என்பது ஒரு காரணம். வெளியே இருந்தவர்கள் கேட்கவும் இல்லை.

மதிலுக்கு உள்ளேயும் நிலைமை நிலையாக இல்லை. லான்சரின் மவுசு குறைந்தது. 2014 மே மாதம் உத்தரபாராவில் அம்பாசடர் நின்றது. இங்கே இசுசு வண்டிகளை ஒப்பந்தத்தில் செய்துகொடுத்தார்கள். 2016-இல் இசுசு ஆந்திர எல்லையில் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறந்தது. 2017-இல் பிரான்சின் பியூஜோ சிட்ரோயன் குழுமம், இந்துஸ்தான் மோட்டார்ஸை வைத்திருந்த சி.கே. பிர்லா குழுமத்தோடு சேர்ந்து இங்கே வந்தது. அதே வருஷம் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2022-இல் சி3 வெளிவந்தது, 2023-இல் அதன் மின்சார வண்டி. அதன் பேட்டரிக்குத் தண்ணீர்க் குழாயே கிடையாது, காற்றுதான் ஆற்றுகிறது. பழைய லான்சர்க்காரர்கள் சாமானுக்குப் புதுப்பேட்டை பழைய இரும்புக் கடைகளில் அலைகிறார்கள்.

அப்படி அலைந்த ஒருவர் மணவாளநகரில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். வண்டி 2001 லான்சர், பெட்ரோல். இவர் புகார் விசித்திரமானது: மே மாதத்தில் கொதிக்காது, மார்கழியில் கொதிக்கும். அதுவும் எப்போதாவது. வேறு இரண்டு இடங்களில் காட்டியிருந்தார். ஓரிடத்தில் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், இன்னோரிடத்தில் ரேடியேட்டரும் வாட்டர் பம்பும். ஒவ்வொரு தடவையும் சில வாரம் நன்றாக இருந்து மறுபடி ஏறியது. கடைசியாகக் காட்டிய இடத்தில், “மார்கழியில யாராவது வண்டி ஹீட் ஆகும்னு சொல்வாங்களா சார், மீட்டர் கோளாறு” என்று அனுப்பிவிட்டார்கள்.

வாத்தியார் கணக்குப் போடுகிறவர், ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார்: தேதி, இடம், நேரம், முள் எங்கே நின்றது. மேஸ்திரி இருந்திருந்தால் அந்த நோட்டைக் கும்பிட்டிருப்பார். பார்த்தேன். கடம்பத்தூர் கேட். திருவள்ளூர் தேரடி. மறுபடி கேட். எல்லாம் நிற்கிற இடம். எல்லாம் காலை, அல்லது சாயங்காலம். கார்த்திகை, மார்கழி, தை.

“சார், ஏ.சி. எப்பவும் போடுவீங்களா?”

“வெயில் காலத்துல போடாம ஓட்ட முடியுமா மேஸ்திரி? குளிர் காலத்துல கண்ணாடிய எறக்கி விட்டுருவேன்.”

ஏ.சி. போட்டால் கண்டென்சர் ஃபேன் ஓட ஆரம்பிக்கும். அது ஏ.சி.க்காக ஓடினாலும் ரேடியேட்டர் வழியாகவும் காற்றை இழுக்கும். வெயில் காலம் முழுக்க அந்த ஃபேன் பக்கத்து வீட்டு வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது. ஏ.சி. நின்ற மாதங்களில் ரேடியேட்டர் ஃபேன் தனியாக நின்று வேலை செய்ய வேண்டும். அது சில நேரம் செய்யவில்லை. அம்பாசடர் காலத்தில் வெயிலோடு வந்த கொதிப்பு, இந்த வண்டியில் வெயில் போனபின் வருகிறது. பனியைப் பார்த்து ‘மீட்டர் கோளாறு’ என்று சொன்னவர்கள் அம்பாசடரின் நாட்காட்டியை வைத்துக்கொண்டு லான்சரைப் படித்தவர்கள்.

வண்டியை நிழலில் நிறுத்தி, ஏ.சி.யை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முள் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்ததும் ஃபேன் சுற்றியது, முள் இறங்கியது, ஃபேன் நின்றது. மறுபடி. மறுபடி. வாத்தியார் பேப்பர் படித்து முடித்துவிட்டார். வெயில் ஏறி நிழல் நகர்ந்தபின் ஒரு தடவை முள் அந்த இடத்தைத் தாண்டி ஏறியது. ஃபேன் சத்தம் இல்லை. ரிலேயில் விரல் வைத்தேன், ‘டிக்’ என்று அடித்திருந்தது. மோட்டார் சாக்கெட்டில் டெஸ்ட் லாம்ப் வைத்தேன், எரிந்தது. கரண்ட் மோட்டார் வரை வருகிறது, மோட்டார் ஓடவில்லை. ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் மோட்டாரின் முதுகில் ஒரு தட்டு. சுற்றியது.

கழற்றினால், கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து ஸ்பிரிங் தள்ளும் தூரம் முடிந்திருந்தது. கம்யூடேட்டரில் ஒரு பட்டை கறுத்து எரிந்திருந்தது. மோட்டார் நிற்கும்போது பிரஷ் அந்தக் கறுத்த பட்டையில் நின்றால் அடுத்த தடவை கிளம்பாது. வேறு பட்டையில் நின்றால் கிளம்பும். எங்கே நிற்கும் என்பது யார் கையிலும் இல்லை. வண்டியை வேகத்தடையில் ஏற்றி இறக்கினால் அந்த அதிர்விலேயே கிளம்பிவிடும், அதனால்தான் ஒவ்வொரு பட்டறைக்கும் போய்ச் சேரும்போது நன்றாக இருந்திருக்கிறது.

அசல் பிரஷ் கிடைக்கவில்லை. வேறொரு மோட்டாரின் பெரிய பிரஷ்ஷை அரம் போட்டுத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தேன். கம்யூடேட்டரை லேத்தில் லேசாகப் பிடித்து, பட்டைகளுக்கு இடையே உடைந்த ஹேக்ஸா பிளேடால் கீறித் தூசி எடுத்தேன். வெறும் தண்ணீரை இறக்கிவிட்டு கூலண்ட் கலந்து ஊற்றி, மேல் ஹோஸை அழுத்தி அழுத்திக் காற்றை வெளியேற்றினேன். மூடியும் புதிது. அந்த மார்கழி முழுக்க வாத்தியார் நோட்டில் எழுத ஒன்றும் இருக்கவில்லை.

வண்டியை எடுத்துப் போகும்போது சொன்னேன், கண்டென்சர் ஃபேன் மோட்டாருக்கும் அதே வயசு, அதே பிரஷ், கையோடு கழற்றிப் பார்த்துவிடலாம் என்று. வாத்தியார் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார்.

“அது ஏ.சி. ஃபேன்தானே? வெயில் காலம் வரட்டும், பாத்துக்கலாம்.”